டெமோவுக்கு வந்தவர் ஒருவர், வகுப்பெடுக்க வந்தவர் இன்னொருவர்

ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி பக்கம் வேலை பார்க்கிறேன். 11 டீம், 90 சொச்சம் பேர். எல்லாரையும் அஜைலுக்கு (வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, அடிக்கடி முடித்துக் கொடுக்கும் முறை) மாற்றிவிட வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. பயிற்சி கொடுக்க ஆள் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பயிற்சி நிறுவனத்தைப் பிடித்தேன். எதுவென்று சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லலாம்.

டெமோவுக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஸ்லைடு எதையும் திறக்கவில்லை. "ஒரே ஒரு வரி கோடு மாத்தினா, அது கஸ்டமர் கைக்குப் போக உங்ககிட்ட எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிட்டோம். அடுத்த வாரமே பர்சேஸ் ஆர்டர் போய்விட்டது, பாதிப் பணம் அட்வான்ஸ், 18% ஜிஎஸ்டி தனி.

வகுப்பு நாளில் வந்தது வேறொரு பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த ஸ்லைடைப் படித்தான். நாங்கள் மருத்துவமனை பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள். ஸ்லைடிலோ கடன் விண்ணப்பம், வட்டி விகிதம். ஓரத்தில் ஏதோ ஒரு வங்கியின் லோகோகூட அழியாமல் இருந்தது. தினமும் டீம் கூடிப் பேசும் சின்னக் கூட்டமான ஸ்டாண்ட்-அப்பில் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகளையும் கட்டாயம் கேட்க வேண்டும் என்றான். பின்வரிசையிலிருந்து எங்கள் டெஸ்டர் ஒருத்தி, "சார், ஸ்க்ரம் கைடுல 2020 பதிப்புலயே அதை எடுத்துட்டாங்களே" என்றாள். ஸ்க்ரம் என்பது அஜைலில் ஒரு முறை, கைடு அதன் விதிப்புத்தகம். அதைப் போனிலேயே திறந்து வைத்திருந்தாள். இலவசமாகக் கிடைப்பது, 15 பக்கம்கூட இல்லை. பையன் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான்.

அப்புறம் சான்றிதழ். கொட்டேஷனில் 'ஸ்க்ரம் மாஸ்டர் சர்ட்டிஃபிகேஷன்' என்று போட்டிருந்தார்கள், அதாவது டீமுக்கு ஸ்க்ரமில் வழிகாட்டுபவருக்கான சான்று. நான் அதை ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு தரும் சிஎஸ்எம் (சர்ட்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) என்றே நினைத்துக்கொண்டேன். வந்ததோ பயிற்சி நிறுவனமே தன் லோகோ போட்டுக் கொடுத்த பிடிஎஃப். சிஎஸ்எம் என்றால் அந்த அமைப்பு அங்கீகரித்த பயிற்சியாளர்தான் வகுப்பெடுக்க முடியும், அவர் பெயரை அவர்கள் தளத்தில் தேடிப் பார்க்கலாம். இரண்டே நிமிட வேலை, நான் செய்யவில்லை. ஸ்க்ரம்.ஆர்க் என்ற இன்னோர் அமைப்பு நடத்தும் பிஎஸ்எம்-1 (புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) தேர்வுக்கோ வகுப்பே கட்டாயமில்லை. பணம் கட்டினால் வீட்டிலிருந்தே எழுதலாம். 60 நிமிடம், 80 கேள்வி, 85% எடுத்தால் பாஸ். அந்த டெஸ்டர் பிறகு அதைத்தான் எழுதி வாங்கினாள்.

இத்தோடு போயிருந்தால் காசோடு போயிற்று என்று விட்டிருப்பேன். பேக்கேஜில் மூன்று மாத 'கோச்சிங்'கும் இருந்தது. அந்தக் கோச் செய்ததுதான் இன்னும் எரிகிறது. வேலையின் அளவைக் குறிக்க டீம் போடும் எண்ணான ஸ்டோரி பாயின்ட், ஒன்று என்றால் நான்கு மணி நேரம் என்று கணக்குச் சொன்னார். 11 டீமின் வெலாசிட்டியையும் (ஒரு ஸ்பிரிண்டில், அதாவது ஒரு வேலைச் சுற்றில், முடித்த பாயின்ட்) ஓர் எக்செல்லில் போட்டு, முதலிடம், கடைசி இடம் என்று கலர் அடித்து இயக்குநருக்கு அனுப்பினார். ஸ்டோரி பாயின்ட் ஒரு டீம் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும் குத்துமதிப்பு. ஸ்க்ரம் கைடில் அந்தச் சொல்லே கிடையாது. ஒரு டீமின் 5-ஐயும் இன்னொரு டீமின் 5-ஐயும் ஒப்பிடுவது, இந்த வீட்டுக் கரண்டியால் அந்த வீட்டு உப்பை அளப்பது மாதிரி.

பையன்கள் என்ன, முட்டாள்களா? சிவப்பில் இருந்த டீம் மூன்று பாயின்ட் வேலையை ஐந்து என்றது, ஐந்தை எட்டு என்றது. இரண்டே ஸ்பிரிண்டில் 31-லிருந்து 52-க்கு ஏறிப் பச்சைக்கு வந்துவிட்டார்கள். இயக்குநர் கைதட்டினார். ரிலீஸ் தேதி மட்டும் ஒரு நாள்கூட முன்னே வரவில்லை. ஸ்பிரிண்ட் முடிவில் எது சரி, எது தப்பு என்று அலசும் ரெட்ரோவில் உட்கார்ந்து உண்மை பேச வேண்டிய பிள்ளைகளுக்கு, எண்ணை எப்படி ஊதுவது என்று காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் நான். அதைக் கழற்ற ஆறு மாதம் ஆயிற்று.

சண்டை போட்டேன். ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தைக் காட்டினார்கள்: 'பயிற்சியாளர் மாற்றத்துக்கு உட்பட்டவர்.' கீழே என் கையெழுத்து. நீங்கள் கையெழுத்துப் போடும் முன், வகுப்பெடுப்பவரின் பெயரை பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். எந்த அமைப்பின் சான்றிதழ் என்பதையும் முழுப் பெயரோடு கேளுங்கள். முதலில் ஒரே ஒரு டீமுக்கு மட்டும் நடத்தச் சொல்லுங்கள். அதற்கு மழுப்பினால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

டெமோவுக்கு வந்த மனிதரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது. "நான் அவங்க ஆளே இல்ல சார். டெமோ இருந்தா கூப்பிடுவாங்க, அன்னைக்கு மட்டும் காசு" என்றார். கடைசித் தவணையை இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். போன வாரம் அவர்களிடமிருந்து அட்வான்ஸ்டு லெவலுக்குச் சலுகை என்று ஒரு மெயில் வந்தது. மேலே அவர் படம்தான் இருக்கிறது.