ரூட் கெனால் சீலர்கள்: கால்வாய்க்குள் எது ஒட்டுகிறது, எது ஒட்டுவதாகச் சொல்கிறது

வேர் சிகிச்சையில் சுத்தம் செய்த கால்வாயைக் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான கூம்புக் குச்சியால், அதாவது கோனால், அடைப்போம்; கோனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை நிரப்பும் பசைதான் சீலர். அதை விற்க வரும் பிரதிநிதி பையைத் திறந்ததும் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு பட்டை வரைபடத்தைத்தான். அவர் விற்கும் சீலரின் பட்டை மட்டும் நெட்டையாக நிற்கும், ஓரத்தில் ஒட்டுதிறனின் அலகான மெகாபாஸ்கல் என்று எழுதியிருக்கும். பிடுங்கிய பல்லின் வேர்க் கால்வாயை அடைத்து, இறுகியதும் ஒரு மில்லிமீட்டர் வாக்கில் குறுக்கே வில்லைகளாக அறுத்து, நடுவில் உள்ள அடைப்பை ஒரு சின்னக் கம்பி முனையால் தள்ளிப் பார்ப்பார்கள். எவ்வளவு விசைக்கு அது பெயர்ந்தது என்பதுதான் அந்த எண். சோதனையைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்க்குள் இருக்கும் பல்லின் அடைப்பை யாரும் அப்படித் தள்ளுவதில்லை. அங்கே பிரச்சினை கசிவு. சீலருக்கும் சுவருக்கும் நடுவே பாக்டீரியா நுழைய எத்தனை இடம் கிடைக்கிறது என்பதற்கு இந்த எண்ணில் பதில் கிடையாது.

அந்த எண்ணும் பெரிதாக இருப்பதில்லை. பல்லின் மேல்பகுதி டென்டினில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் உடற்பகுதி) பல் நிற ரெசின் அடைப்பான காம்போசிட்டை ஒட்டும்போது 20 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம். கால்வாய்க்குள் சீலர்கள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கின்றன. இதற்குக் கால்வாயின் வடிவமே முக்கியக் காரணம். ரெசின், அதாவது செயற்கைப் பிசின், இறுகும்போது சுருங்கும். சுருங்கும் பொருளுக்கு எங்காவது ஒட்டாத திறந்த பரப்பு இருந்தால் அந்தப் பக்கமாக நெகிழ்ந்து கொடுத்து இழுவிசையைக் குறைத்துக்கொள்ளும். ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதத்தைத்தான் சி-ஃபாக்டர் என்கிறோம். சொத்தைக் குழியில் அது ஐந்துக்குள் அடங்கிவிடும். நீண்டு ஒடுங்கிய வேர்க் கால்வாயில் ஆயிரத்தையும் தாண்டிப் போகும். சுருங்கும் ரெசினுக்கு அங்கே சுவரை விட்டுப் பெயர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கட்டா பெர்ச்சா தானாக எதிலும் ஒட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோனுக்கும் சீலருக்கும் ஒரு எல்லை, சீலருக்கும் டென்டினுக்கும் இன்னொரு எல்லை. இரண்டில் எது விட்டாலும் வழி திறந்துவிடும்.

கல்லூரியில் எங்களுக்குக் கை பழகியது சிங்க் ஆக்ஸைடு பொடியைக் கிராம்பு எண்ணெய்ச் சத்தான யூஜினாலில் குழைக்கும் சீலர். அமெரிக்கப் பல் மருத்துவர் கிராஸ்மேன் 1936இல் அறிமுகப்படுத்திய வகை. கண்ணாடிப் பலகையில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைத்து, ஸ்பாட்டுலாவைத் தூக்கினால் பாகு போலக் கம்பிப் பதம் வரவேண்டும். ஒரு அங்குலம் அறுபடாமல் நின்றால் சரி. கிராம்பு வாடை அறை முழுக்க இருக்கும், நோயாளிகள் அதைத்தான் பல் டாக்டர் வாசனை என்பார்கள். விலை மலிவு, ரீட்ரீட்மென்ட் (பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி சிகிச்சை) செய்யும்போது யூகலிப்டஸ் எண்ணெய்க்கே இளகிவிடும். ஒட்டுதல் என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை, இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். ஈரம் பட்டால் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் செய்யும். இதை நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு. ஃபைபர் போஸ்ட் (கேப்பைத் தாங்கக் கால்வாய்க்குள் ரெசின் சிமென்ட்டால் ஒட்டும் நார்த் தண்டு) வைக்க வேண்டிய பற்கள் கூடிக்கொண்டே வந்தன. சுவரில் மிச்சமிருக்கும் யூஜினால் ரெசின் சிமென்ட்டை ஒழுங்காக இறுக விடாது. போஸ்ட் கேப்போடு கழன்று வந்தால் கெட்ட பெயர் சிமென்ட்டுக்குத்தான்.

இப்போது தினமும் கையில் எடுப்பது எபாக்ஸி ரெசின் வகை, அதாவது ஏஎச் பிளஸ் என்ற பிராண்ட். முந்தைய ஏஎச் 26 இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளியிடும். இதில் அந்தத் தொல்லை ஏறக்குறைய தீர்ந்தது. இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் குழைத்தால் போதும். உடல் சூட்டில் இறுக எட்டு மணி நேரம் ஆகும். இந்த மந்தம் எனக்குப் பிடிக்கும். மெதுவாக இறுகுவதால் சுருக்கத்தின் இழுவிசை ஓரளவு தணிய அவகாசம் கிடைக்கிறது, கடைவாய்ப்பல்லில் நாலாவது கால்வாயைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவசரமும் இல்லை. இதன் எபாக்ஸி வளையங்கள் டென்டினில் உள்ள கொலாஜன் புரதத்தின் அமினோ தொகுதிகளோடு பிணைவதாக விளக்கம் சொல்கிறார்கள். தள்ளும் சோதனைகளில் பெரும்பாலும் இதுவே முன்னணியில் வருகிறது.

ஆனால் அந்தக் கொலாஜன் சீலருக்கு எட்டவேண்டுமே. வேறெங்கோ வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒரு அம்மா வந்தார். "டாக்டர், கேப் போட்ட பல்லுதான், கடிச்சா மட்டும் சுருக்குங்குது." "எவ்ளோ நாளாம்மா?" "தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு." கேப்பைக் கழற்றி, கால்வாயைச் சுரண்டும் ஊசியான எச் ஃபைலை உள்ளே விட்டு ஒரு திருகு திருகி இழுத்தேன். கரைப்பான் எதுவும் விடவில்லை, கோன் முழுசாக வந்துவிட்டது. லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கோனைச் சுற்றி நுனிவரை சீலர் ஒரு உறைபோல இருக்கிறது, வெளிப்பக்கம் மழமழவென்று பளபளக்கிறது. கால்வாய்ச் சுவரில் பழுப்பாக ஒரு பூச்சு. சீலர் கோனை நன்றாகவே பிடித்திருக்கிறது. சுவர்ப் பக்கம் அது ஒட்டியதெல்லாம் ஃபைல் அரைத்துப் பூசிய ஸ்மியர் லேயரில். ஓரிரு மைக்ரான் தடிமன்தான் அந்த அழுக்கு, ஆனால் டென்டினின் நுண்குழாய் வாய்களை மூடிவிடும். அதை எடுக்காமல் எந்த விலை சீலரைப் போட்டாலும் கதை இதுதான்.

அதனால் என் கணக்கில் சீலரை விட இரிகேஷன் வரிசைக்குத்தான், அதாவது கால்வாயைக் கழுவும் திரவங்களின் வரிசைக்குத்தான், முதல் இடம். ஃபைல் போடும்போதெல்லாம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), முடிவில் ஸ்மியர் லேயரை நீக்கும் 17 சதவீத ஈடிடிஏ ஒரு நிமிடம், அதன்பின் உப்புநீரான சலைன். எபாக்ஸி போடப்போகிறேன் என்றால் கடைசியாக ஹைப்போ விடமாட்டேன். அது கொலாஜனை அரித்துவிடும், மிச்சம் விடும் ஆக்சிஜன் ரெசினுக்கும் ஆகாது. ஹைப்போ இருக்கும்போதே இன்னொரு கிருமிநாசினியான குளோரெக்சிடின் விடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் உருவாகும் பழுப்பு மண்டி நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

இடையில் ரெசிலானையும் சொல்லிவிட வேண்டும். 2004 வாக்கில் வந்தது. கோனும் பாலிமர், சீலரும் ரெசின், சுவரோடு சேர்ந்து எல்லாம் ஒரே கட்டி, 'மோனோபிளாக்' என்றார்கள். கருத்தரங்குகளில் கட்டா பெர்ச்சாவுக்கு இரங்கல் உரையே வாசித்தார்கள். ஆனால் அந்தக் கோனின் அடிப்படைப் பொருளான பாலிகாப்ரோலாக்டோன் சிதையக்கூடியது. சி-ஃபாக்டர் சிக்கலும் அப்படியே இருந்தது. 2017இல் வந்த நீண்டகால ஆய்வொன்றில் அதன் தோல்வி வாய்ப்பு கட்டா பெர்ச்சாவைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அதற்குள் சந்தையிலும் அதன் காலம் முடிந்திருந்தது. 'ஒட்டுகிறது' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் ரெசிலான் ஞாபகம்தான் வருகிறது.

இப்போதைய அலை பயோசெராமிக். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் டோராபினெஜாட் குழு 1993இல் அறிமுகப்படுத்திய எம்டிஏ என்ற பல் சிமென்ட்டின் வழி வந்த கால்சியம் சிலிக்கேட், இப்போது சிரிஞ்சில் தயாராகவே கிடைக்கிறது. இது ரெசின் மாதிரி சுருங்கி இறுகுவதல்ல, தண்ணீரை உறிஞ்சி இறுகுவது. டென்டினில் உள்ள ஈரமே போதும். கடுமையான காரத்தன்மையோடு பிஎச் 12 அளவில் இருப்பதால் மிச்சக் கிருமிகளுக்கும் பிழைப்பு கஷ்டம். சுவரோரம் பல்லின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் படிகிறது. ஈரம் உறிஞ்சும் பேப்பர் பாயிண்ட்டை மாற்றி மாற்றி வைத்து எலும்பாகக் காயவைக்கும் பழக்கத்தை இதற்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசிப் பாயிண்ட்டின் நுனி லேசாக நனைந்து வந்தாலும் அடைத்துவிடுகிறேன். ஈடிடிஏ மிச்சம் இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இறுகவிடாது, அதனால் சலைன் கழுவலைத் தாராளமாகச் செய்யவேண்டும்.

ஒட்டுதலில் இதன் குணம் வேறு. சுவரை விடாது, சாதாரணக் கோனைத்தான் விடும். பயோசெராமிக் பூசிய கோனை ஏன் தனியாக விற்கிறார்கள் என்பது இதில் விளங்கும். உண்மையான தலைவலி ரீட்ரீட்மென்ட். கோன் வந்துவிடும், சீலர் சுவரிலேயே கல்லாக நிற்கும், குளோரோஃபார்முக்கும் அசையாது. அல்ட்ராசோனிக் முனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கோன் நுனிக்கு முன்பே நின்று, மீதியைச் சீலர் மட்டும் நிரப்பியிருந்தால் வேர் நுனிவரை மறுபடி வழி கிடைக்காமலே போகலாம். ஒட்டுதிறன் கூடக்கூட அதை எடுக்கும் வேலையும் கூடும் என்பதை அந்தப் பட்டை வரைபடம் காட்டுவதே இல்லை. சிரிஞ்ச் முனையில் தங்கி வீணாகும் மருந்தையும் சேர்த்தால் பல் ஒன்றுக்குச் செலவும் பல மடங்கு.

அதனால் என் கிளினிக்கில் நேரான, நன்றாகக் காய்ந்த கால்வாய் என்றால் எபாக்ஸி. நுனி அகன்றது, எவ்வளவு உலர்த்தியும் ஈரம் நிற்பது, வேர் நுனியில் பெரிய புண் உள்ளது என்றால் பயோசெராமிக், அதுவும் கோன் அளவு எக்ஸ்ரேயில் கச்சிதமாக உட்கார்ந்தால் மட்டும். யூஜினால் சீலர் இப்போது வாங்குவதில்லை.

புதிதாகக் கிளினிக் வைக்கும் பிள்ளைகள் எதை வாங்கலாம் என்று கேட்கும்போது, மேலே என்ன போட்டு மூடுகிறாய் என்று திருப்பிக் கேட்பேன். 1995இல் ரே, ட்ரோப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எக்ஸ்ரேக்களை வைத்து ஒப்பிட்டபோது, வேர் அடைப்பின் தரத்தைவிட மேல் அடைப்பின் தரமே வேர் நுனியின் நலத்தோடு அதிகம் ஒத்துப்போனது. அடுத்த மாதச் சம்பளத்தில் கேப் போட்டுக்கொள்கிறேன் என்று போகிறவருக்குத் தற்காலிக அடைப்போடு அனுப்பினால் உள்ளே எந்தச் சீலர் இருந்தும் பயனில்லை. அன்றைக்கே கால்வாய் வாய்களைக் காம்போசிட்டால் மூடிவிடுகிறேன். கேப் போட அவர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.