பெயர்ப்பலகைக்கு ஜேபெக்கா, வெக்டரா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடை திறக்கிறவர்கள் பலர், வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் (JPEG) இலச்சினையையே (லோகோ) பெயர்ப்பலகைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். விசிட்டிங் கார்டுக்கு அது போதும். ஆனால் ஜேபெக் படம் பிக்சல் என்னும் புள்ளிகளால் ஆனது; 1000 பிக்சல் அகலப் படத்தை 10 அடிப் பலகைக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 8 பிக்சல்தான் மிஞ்சும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு.

வெக்டர் கோப்பில் இருப்பது புள்ளிகள் அல்ல, கோடுகளின் கணக்கு. எவ்வளவு பெருக்கினாலும் ஓரம் கூர்மையாகவே நிற்கும். வைனல் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கும் அந்தக் கோடுதான் வேண்டும். ஜேபெக்கைப் பிடிஎஃப்புக்குள் வைத்து 'வெக்டர்' என்று அனுப்புகிறவர்களும் உண்டு! 800 சதவீதம் பெருக்கிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

வெக்டரிலும் ஒரு வில்லங்கம்: எழுத்துரு. பாமினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். மும்மொழிப் பலகையில் சிங்களத்துக்கும் இதே பாடுதான். அனுப்புமுன் எழுத்துகளை வெளிக்கோடுகளாக (outlines) மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டித் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

சாப்பாட்டுக் கடைப் பலகையில் புரியாணிப் படம் வேண்டுமென்றால் ஜேபெக்தான் சரி. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 100 பிக்சல் இருந்தால் தாராளம். இலச்சினைக்கு மட்டும் வெக்டரைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன்.