மின்சார காருக்கு வீட்டிலேயே டேட்டா மானிட்டர்: டாங்கிளா, ஈஎஸ்பி32-ஆ, ராஸ்பெரி பையா?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். மரப்பாலம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை என்று வழி நெடுக ஒரே சமதளம். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனாலும் மின்சார காரில் தினமும் போய் வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள், சார்ஜ் இறங்கும் கணக்கு ஒரு நாள்போல் இன்னொரு நாள் இருக்காது. ஏசியா, கடற்காற்றா, டயரில் காற்று குறைவா, இல்லை பேட்டரியே தளர ஆரம்பித்துவிட்டதா? டேஷ்போர்டில் தெரிவது ஒரு சதவீதமும் ஒரு உத்தேசக் கிலோமீட்டரும்தான். உள்ளே இருக்கும் பேட்டரி மேலாண்மைக் கணினிக்கோ ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் மில்லிவோல்ட் சுத்தமாகத் தெரியும், பேட்டரியின் வெப்பமும் தெரியும். அதைக் கேட்டு வாங்கும் வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டும்போது எண்களைப் பார்த்தால் போதும் என்றால் காரின் சாக்கெட்டில் சொருகும் தரமான புளூடூத் டாங்கிளும் கையிலிருக்கும் போனும் தாராளம். பேட்டரியின் வரலாறு வேண்டும், மூன்று வருடம் கழித்து வாரண்டி பேச்சு வந்தால் கையில் ஆதாரம் வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டை வைத்து நாமே செய்வதுதான் சரி. மானிட்டர் என்றதும் எல்லோரும் திரையைத்தான் நினைக்கிறார்கள். எனக்குத் திரை இரண்டாம்பட்சம், பதிவுதான் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றே: ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், மெக்கானிக்குகள் காரைச் சோதிக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட். 6-ஆம் பின் கேன் ஹை, 14-ஆம் பின் கேன் லோ, 16-இல் 12 வோல்ட், 4-இலும் 5-இலும் எர்த். கேன் பஸ் என்பது 1986-இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட முறை. காரில் இருக்கும் கணினிகள் எல்லாம் இரண்டே ஒயரில் பேசிக்கொள்ளும். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் எதைச் சொருகுவதற்கும் முன்னால் சொல்வது இதுதான்: "சார், முதல்ல மீட்டர வைங்க, அப்புறம் ஒயர வைங்க." 12 வோல்ட் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் வழக்கமாக 60 ஓம் காட்டும். பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் வரும் கணக்கு அது. வேறு எண் காட்டினால், நடுவில் கேட்வே, அதாவது எந்தத் தகவல் வெளியே போகலாம் என்று வடிகட்டும் கணினி, உட்கார்ந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

முதலில் டாங்கிள். இதில் இரண்டு ஜாதி உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீலநிற டாங்கிள், அதாவது ஈஎல்எம்327 என்ற ஓபிடி சிப்பின் நகல், ஒன்று. ஓபிடிலிங்க், விலிங்கர் போன்ற, சில ஆயிரம் ஆகும் தரமான வகை இன்னொன்று. நகல்களில் பல "வெர்ஷன் 1.5" என்று போட்டுக்கொண்டு வரும். அசல் ஈஎல்எம் நிறுவனம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. பெட்ரோல் காரின் எஞ்சின் ஆர்பிஎம் பார்க்க அந்த நகல் போதும். மின்சார காரில்தான் தடுமாறும். காரணம் இருக்கிறது. ஒரு கேன் ஃபிரேமில் அடங்குவது 8 பைட். ஹூண்டாய் கோனாவின் பேட்டரிக் கணினியிடம் 22 01 01 என்ற குறியீட்டில் கேட்டால், 62 01 01 என்று ஆரம்பித்து 60 பைட்டுக்கு மேல் பதில் வரும். முதல் துண்டை அனுப்பிவிட்டு கார் காத்திருக்கும். நாம் 30 என்று தொடங்கும் அனுமதியை அனுப்பினால்தான் மிச்சத் துண்டுகள் வரிசையாக வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் மலிவு நகல்கள் துண்டுகளைத் தவறவிடும், சில கட்டளைகளுக்கு வெறும் கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பும். காசு போடுவதென்றால் நல்ல டாங்கிளில் போடுங்கள். ஐபோன்காரர்கள் பழைய புளூடூத் வகையை வாங்கிவிடாதீர்கள், சேராது. பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய புளூடூத்) அல்லது வைஃபை வகைதான் வேண்டும்.

ஆப் விஷயத்தில் கார் ஸ்கேனர் எனக்குப் பிடித்தது. பல மின்சார கார்களுக்கு அதில் தயார் புரொஃபைல் இருக்கிறது. டார்க் ப்ரோவில் நாமே குறியீடுகளைச் சேர்க்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். டாங்கிள் வழியின் பெரிய குறை வேறு: போன் காரில் இருந்தால்தான் பதிவு. ராத்திரி வீட்டில் சார்ஜ் ஏறும்போது நாம் மாடியில் தூங்கிக்கொண்டிருப்போம், போனும் நம்மோடு இருக்கும். பேட்டரியைப் பற்றிய நல்ல தகவல்கள் வருவதே அந்த நேரத்தில்தான்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். டியாகோ ஈவியில் இருப்பது இந்த வகை. பாதி சார்ஜில் எல்லா செல்லும் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஒரு செல் மற்றவற்றைவிடப் பின்தங்கியிருந்தாலும் அங்கே ஏதோ சில மில்லிவோல்ட் வித்தியாசம்தான் தெரியும், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். 100 சதவீதத்தை நெருங்கும் கடைசி நிமிடங்களில்தான் வோல்டேஜ் சட்டென்று ஏறும். எந்த செல் முந்துகிறது, எது பிந்துகிறது என்பது அப்போது வெட்டவெளிச்சமாகும். அந்த நிமிடங்களை மாதாமாதம் பதிந்து வைத்தவருக்குத் தன் பேட்டரியைத் தெரியும். மற்றவர்கள் சதவீதத்தை நம்பி ஓட்டுகிறார்கள்.

அதனால்தான் ஈஎஸ்பி32-க்கு என் ஓட்டு. சில நூறு ரூபாய் போர்டு. வைஃபை உள்ளேயே இருக்கிறது, கேன் கன்ட்ரோலரும் உள்ளேயே. போர்டைக் கேன் ஒயரோடு இணைக்கும் டிரான்ஸீவர் ஒன்று மட்டும் வெளியே போதும்; 3.3 வோல்ட்டில் ஓடும் எஸ்என்65எச்விடி230 மாட்யூல் இதற்குக் கச்சிதம். அந்த மாட்யூல்களில் பெரும்பாலும் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் ஒட்டியே வரும். காரில் ஏற்கெனவே இரண்டு இருப்பதால் இதை சால்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். வீட்டு வாசலில் கார் நின்றதும் வைஃபையைப் பிடித்து, பதிவுகளை வீட்டிலிருக்கும் கணினிக்கு அனுப்பிவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒட்டுக் கேட்பது மட்டும் போதும் என்று லிசன்-ஒன்லி முறையில் வைத்தால், பல புதிய கார்களின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு எண்கூட வராது. கேட்வே உள்பேச்சை வெளியே விடுவதில்லை. கேட்டால்தான் பதில். கேட்டுக்கொண்டே இருந்தாலோ காரின் கணினிகள் தூங்காது, 12 வோல்ட் பேட்டரி இறங்கும்.

இந்த 12 வோல்ட் கணக்கைப் பலர் போடுவதில்லை. எப்போதும் சொருகியே கிடக்கும் கருவி 50 மில்லியாம்ப் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதி காலி. ஊருக்குப் போய் வந்து பார்த்தால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருக்கும், கதவு திறக்காது. ஈஎஸ்பி32-இல் இதற்கு எளிய வழி உண்டு. கார் ஆன் ஆகியிருந்தாலோ சார்ஜ் ஏறினாலோ பொதுவாக 12 வோல்ட் லைன் 13-க்கு மேல் போகும், சும்மா நிற்கும்போது 12.6 வாக்கில் இருக்கும். 100 கிலோஓம், 22 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்து அளந்து, 13.2-ஐத் தாண்டினால் விழி, 12.9-க்குக் கீழே இறங்கினால் தூங்கு என்று எழுதிவிடலாம். சிப் தூங்கினாலும் போர்டில் இருக்கும் பவர் எல்இடியும் ரெகுலேட்டரும் சில மில்லியாம்ப் குடிக்கும். எல்இடியைப் பெயர்த்துவிடுங்கள்.

புரோகிராம் கோடு எழுதத் தெரியாது, ஆனால் டாங்கிளைவிடக் கூடுதலாக வேண்டும் என்பவர்களுக்கு விகேன் என்ற தயார் கருவி இருக்கிறது. அதுவும் ஈஎஸ்பி32 குடும்பம்தான், ஓப்பன் சோர்ஸ், வோல்டேஜ் பார்த்துத் தூங்கும் வசதியோடு வருகிறது. டெஸ்லா ரோட்ஸ்டருக்காக ஆரம்பித்த ஓவிஎம்எஸ் இன்னும் ஒரு படி மேலே: சிம் போட்டால் கார் எங்கிருந்தாலும் தகவல் அனுப்பும். இங்கே ஓடும் கார்களில் எம்ஜி இசட்எஸ் ஈவி, கோனா போன்றவற்றுக்கு அதில் ஆதரவு உண்டு. இறக்குமதி செய்து வாங்க வேண்டும், விலையும் அதிகம்.

ஆர்டுயினோ போர்டும் எம்சிபி2515 என்ற கேன் மாட்யூலும்? கல்லூரி புராஜெக்டுகளில் இன்னும் இதுதான் ஓடுகிறது. வரும் தகவலைத் தாங்கி வைக்கும் ரிசீவ் பஃபர் இரண்டே இரண்டு. பதில் சரசரவென்று வரும்போது வழிந்துவிடும். மாட்யூலில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்க, கோடில் 16 என்று இருந்தால் ஒன்றுமே வராது. இவ்வளவு பாடுபட்டும் வைஃபை இல்லை. இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ராஸ்பெரி பை வேறு ரகம், கையளவு முழுக் கணினி. லினக்ஸில் கேன்டம்ப் கட்டளை ஒன்று போட்டால், கேட்வே மறைக்காத பஸ்ஸில் ஓடுவதெல்லாம் திரையில் கொட்டும். யாரும் பிரித்து அறியாத காரின் குறியீடுகளைக் கண்டுபிடிக்க லேப்டாப்புக்கு அடுத்து இதுதான். காரிலேயே நிரந்தரமாக வைக்க மட்டும் வேண்டாம். பூட் ஆக நேரம் பிடிக்கும், மின்சாரம் திடீரென்று போனால் எஸ்டி கார்டு கெடும். சித்திரை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு கொதிக்கும்போது பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நம் கடற்கரை ஊருக்கென்று ஒரு விஷயம். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டியோ கார் நிற்கிறதென்றால் உப்புக்காற்று ஜம்பர் ஒயரின் முனையைப் பச்சை பூக்க வைத்துவிடும். பிரெட்போர்டு மேஜைக்கு மட்டும். காருக்குள் போவது சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றி, ஈரம் புகாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் அடித்ததாக இருக்கட்டும். 16-ஆம் பின்னிலிருந்து வரும் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். கருவிக்கு பவர் பேங்க் வைக்காதீர்கள். அந்த வெயிலில் லித்தியம் செல்லைக் காருக்குள் விடுவது ஆபத்து. செம்மஞ்சள் நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் அங்கே கை போகவே கூடாது. அது பெரும்பாலான கார்களில் 300 வோல்ட்டுக்கும் மேல். நம் வேலை முழுக்க 12 வோல்ட் பக்கத்தோடு சரி.

எப்படியும் டாங்கிளில் ஆரம்பியுங்கள், கடைசியில் ஈஎஸ்பி32-க்குத்தான் போகப் போகிறீர்கள் என்றாலும். உங்கள் கார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிடும். அதே கேள்விகளை அப்படியே கோடில் எழுதலாம். வரும் எண் சரியா என்று ஆப் காட்டுவதோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சர்வீஸுக்கு விடும் நாளில் மட்டும் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர்களுடைய ஸ்கேனருக்கு அந்தச் சாக்கெட் வேண்டும்.