மேடை காணாத பாடல்கள்: குவீன் குழுவின் 'இன்னுவெண்டோ' இரட்டை இசைத்தட்டு

1986 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த் பூங்காவில் குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பாடி முடித்தபோது, பாடகர் ஃப்ரெடி மெர்குரியோடு அக்குழுவை மேடையில் காண்பது அதுவே கடைசி முறை என்பது அங்கே திரண்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதன் பின் மெர்குரியோடு அவர்கள் சுற்றுப்பயணம் போகவேயில்லை. மெர்குரியின் உடல் நலிந்துகொண்டே வர, லண்டனிலும் சுவிட்சர்லாந்தின் மான்த்ரோவிலும் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே அவர்களுடைய உழைப்பு முழுவதும் கழிந்தது. அவர் மறைவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1991 பிப்ரவரியில் வெளிவந்த 'இன்னுவெண்டோ' என்ற பாடல் தொகுப்பு அந்த உழைப்பின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து.

53 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும் இந்தத் தொகுப்பைக் குறுந்தகட்டில் முழுமையாகக் கொடுத்தவர்கள், ஒற்றை இசைத்தட்டில் அடக்குவதற்காகப் பல பாடல்களை வெட்டிச் சுருக்கினார்கள். பக்கத்துக்கு இருபது நிமிடங்களை வெகுவாகத் தாண்டினால் தட்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலியின் வலு குறைந்துவிடும் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை. 2015இல் வந்த மறுபதிப்பு அந்தக் குறையைத் தீர்க்கிறது. லண்டன் அபே ரோடு கூடத்தில் ஒலிப்பதிவையும் செதுக்கும் கருவியையும் பாதி வேகத்தில் ஓட்டிச் செதுக்கப்பட்ட இந்தப் பதிப்பு, எல்லாப் பாடல்களையும் முழு நீளத்தில் இரண்டு தட்டுகளில் தருகிறது.

வித்தியாசத்தை உணர 'பிஜோ' ஒன்றைக் கேட்டாலே போதும். பழைய தட்டில் பாதிக்கும் மேல் பறிபோன பாடல் அது. ஒரு பாடகர் பல்லவியைப் பாடுவதுபோல் பிரையன் மேயின் கிதார் நிதானமாக முன்னே செல்கிறது. நடுவில் மெர்குரி சில வரிகள் மட்டும் பாடிவிட்டு விலக, கிதார் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. ஊசி ஓடும் சரசரப்புகூட இல்லாத அந்த இடைவெளிகளில், கம்பியின் மேல் விரல் வழுக்கும் மெல்லிய ஓசை வரை காதில் விழுகிறது. கூட்டம் கைதட்டிச் சேர்ந்து பாடுவதற்கென்று இடம் விட்டு எழுதிய பழைய பாடல்களின் அமைப்பு இதில் இல்லை. தனியே அமர்ந்து கேட்பவருக்காகவே செய்த பாட்டு இது.

ஆறரை நிமிடத் தலைப்புப் பாடலில், 'யெஸ்' என்ற ராக் குழுவின் ஸ்டீவ் ஹவ் வாசித்த ஸ்பானிய ஃப்ளமென்கோ கிதார் பகுதியும் இப்போது நன்றாக மூச்சு விடுகிறது. 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த உடல்நிலையில் அவ்வளவு உச்சத்தில் மெர்குரி எப்படிப் பாடினார் என்ற வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை. 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் எல்டன் ஜான்தான் அதை மேடையில் பாடினார். மெர்குரிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

குறைகளும் உண்டு. 'தி ஹிட்மேன்' வெறும் இரைச்சலாகவே நிற்கிறது. பக்கத்துக்குச் சராசரியாக 13 நிமிடங்களே ஓடுவதால் மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியிருக்கிறது. பாட்டில் ஆழ்ந்திருக்கும்போது அது எரிச்சலூட்டும். 19ஆம் நூற்றாண்டு ஓவியர் கிரான்வில்லின் படத்தைத் தழுவிய உறை மட்டும் பெரிய அளவில் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

குறுந்தகடு வைத்திருப்பவர்கள் பாடல்களுக்காக இதை வாங்க வேண்டியதில்லை. 1991இன் ஒற்றைத் தட்டை மட்டுமே கேட்டிருப்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள். 'பிஜோ'வை நீங்கள் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.