காட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி 3 நாள் தங்குன ஹாஸ்டல்

ரூம் சுமார் தான், மேல் பெட்ல ஏறுனா கட்டில் கிரீச்னு கத்தும், வைஃபை மாப் டவுன்லோட் பண்ணி முடிக்கறதுக்குள்ள உயிர வாங்கிடுச்சு. ஆனா மொட்டை மாடிக்காகவே 4 ஸ்டார் குடுக்கலாம். துணிக்கெல்லாம் 0.5% பெர்மெத்ரின் (கொசு, உண்ணி அண்டாம இருக்க துணில அடிக்கற பூச்சி மருந்து) ஸ்ப்ரே அடிச்சு காயப்போட காத்தோட்டமான இடம் வேணும்ல, முழுசா காயாம அத போடக்கூடாது, ஈரமா இருக்கறப்ப பூனைக்கு அது விஷம் வேற (இங்க ஒரு பூனை கொடி கிட்டயே சுத்திட்டு இருந்துச்சு, அத வெரட்டியே பாதி நாள் போச்சு).

ரிசப்ஷன்ல இருந்த அக்கா மலேரியா மாத்திரை ஆரம்பிச்சாச்சான்னு கேட்டப்ப தான் எனக்கு திக்குனு இருந்துச்சு, டாக்டர் எழுதிக்குடுத்த டாக்ஸிசைக்ளின் 1-2 நாள் முன்னாடியே தொடங்கணும், வெளிய வந்தும் 4 வாரம் சாப்டணும், நான் பேக்ல அடில போட்டுட்டு மறந்தே போயிட்டேன்.

லாண்டரி மட்டும் குடுத்துடாதீங்க, ஜீன்ஸ் சொட்டச்சொட்ட வந்துச்சு. காட்டுக்கு எதுக்குடா ஜீன்ஸ்னு கேக்காதீங்க, அதையும் இன்னும் பாதி சாமானையும் அவங்க லக்கேஜ் ரூம்லயே போட்டுட்டு தான் கிளம்புனேன், டோக்கன் குடுத்தாங்க, திரும்பி வந்தப்ப எல்லாம் பத்திரமா இருந்துச்சு.