இரண்டாம் ஆண்டு வாய்ப்பு போனபின்: மைய அலுவலகமா, துறையா?

அமெரிக்காவில் முனைவர் படிப்பைத் தொடங்குவோருக்கு என்எஸ்எஃப் (அந்நாட்டு அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை) தரும் உதவித்தொகை ஆண்டுக்கு 37,000 டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ ஒரே ஒரு முறை விண்ணப்பிக்கலாம் என்பது 2016இல் வந்த விதி. 2025 செப்டம்பர் கடைசியில் வந்த அறிவிப்பு இரண்டாம் ஆண்டு மாணவர்களை அப்படியே நீக்கிவிட்டது. "அவசரப்படாதே, ஒரு பேப்பர் வரட்டும், அடுத்த வருஷம் போடலாம்" என்று எங்கள் துறையில் நாங்களே சிலரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தோம். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது: மாணவர்களைத் தயார்செய்வதைப் பல்கலைக்கழகத்தின் மைய உதவித்தொகை அலுவலகத்திடமே விடுவதா, துறையே எடுத்துக்கொள்வதா? நாங்கள் துறையே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். பொறுப்பு என்னிடம் வந்தது.

விதியைப் படித்துப் பொருள் சொல்வதில் மைய அலுவலகத்தை மிஞ்ச முடியாது. முதுகலை முடித்துவிட்டு வருபவர், இடையில் படிப்பை விட்டவர் போன்ற சிக்கலான கேள்விகளை இன்றும் அங்கேதான் அனுப்புகிறேன். பயிலரங்கு, மாதிரிக் கட்டுரைகள் எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான்.

துறையின் பக்கம் என்னைச் சாய்த்தது பரிந்துரைக் கடிதம். குறைந்தது இரண்டு வேண்டும். மாணவர் வந்து சேர்வது ஆகஸ்ட் கடைசியில். 2025இல் கெடு நவம்பர் நடுவில். மூன்று பக்க சுய அறிக்கையையும் இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தையும் பத்து வாரத்தில் எழுதிவிடலாம். ஆனால் புது வழிகாட்டிக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத என்ன இருக்கும்? பழைய கல்லூரிப் பேராசிரியர்தான் எழுத வேண்டும். அவரிடம் நேரில் கேட்க ஏற்ற காலம், மாணவர் அங்கிருந்து கிளம்பும் முன்புதான். சேரப்போகிறவர்கள் யார் என்பது ஏப்ரல் 15 வாக்கில் துறைக்குத் தெரிந்துவிடும். எங்கள் மைய அலுவலகத்துக்கோ மாணவர் பதிவான பிறகுதான் பெயரே போகும். அந்த நான்கு மாதம் முழுக்கத் துறையின் கையில் இருக்கிறது.

சரி, இது ஒரு பொறியியல் துறையில் பார்த்தது. உயிரியலில் முதலாம் ஆண்டு மாணவர் ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றுவார், வழிகாட்டியே முடிவாகியிருக்காது. அங்கே மைய அலுவலகம் மேலாக இருக்கலாம்.

எங்கள் இளங்கலை இறுதியாண்டுப் பிள்ளைகளிடமும் இப்போதே போடச் சொல்கிறேன். அது கிடைக்காவிட்டாலும் முனைவர் படிப்பின் முதலாம் ஆண்டில் இன்னொரு முறை போடலாம்.