மெட்டியில் மாட்டும் போர்வை

தேவகோட்டையிலிருந்து நாத்தனார் போன் செய்தார். அவருடைய மாமியாரின் பழைய கண்டாங்கிச் சேலைகள் பெட்டிக்குள் மடித்தபடியே இற்றுப்போகின்றனவாம். "நீ போர்வை தைக்கக் கொடுத்தியே, அந்த ஆள் எப்படி?" என்று கேட்டார்.

அப்பத்தாவின் ஆறு கண்டாங்கிகளைக் காரைக்குடியில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் வேறு துணியும் வைத்துக் குயில்ட் போர்வையாக்கி இரண்டு வருடம் ஆகிறது. கூலி 3,200 ரூபாய். பஞ்சும் அடித்துணியும் என் செலவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. முன்பக்கம் அவ்வளவு அழகு. கடுகு மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் அரக்குச் சிவப்பு, அதை ஒட்டிக் கறுப்பு. அகலக் கரையை வெட்டி வீணாக்காமல் நாலு பக்கமும் சட்டம் போலக் கொண்டுவந்திருக்கிறார். 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைகளில் எத்தனையோ புதுச் சேலைகளைப் பார்த்துவிட்டேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழசின் நிறம் அவற்றில் இல்லை. மூலைக்கு மூலை மயிரிழை பிசகவில்லை. சொன்ன நாளில் கொடுத்தும் விட்டார்.

திருப்பிப் பார்த்தால்தான் வயிறு எரியும். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. மெஷினில் மேல்நூல் தளர்ந்திருந்தால் இப்படித்தான் வரும். ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதுமட்டுமா, மூன்று அடுக்கையும் இழுத்துப் பிடித்துக் கையால் நூலோட்டாமல் நேரே மெஷினுக்குள் விட்டிருக்கிறார். அடித்துணி சுருண்டு, அந்த மடிப்பின் மேலேயே தையல் ஏறியிருக்கிறது. ஐந்து இடம். எண்ணினேன். மதியம் ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்துப் படுத்தால் ஐந்தும் முதுகுக்குத் தெரியும்.

கேட்டதற்கு, "உள்பக்கத்தை யாரு ஆச்சி பாக்கப் போறாக?" என்றார்.

யாரும் பார்க்கவில்லைதான். என் கால் மெட்டி பார்க்கிறது. ராத்திரி புரண்டு படுத்தால் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நூல் கூடவே வரும். எழுந்து, விளக்கைப் போட்டு, காலை மடக்கி எடுத்துவிட வேண்டும். ஒருநாள் எரிச்சலில் வளையத்தைக் கத்தரித்துவிட்டேன். ஒரு சாண் தையல் பிரிந்து உள்ளே பஞ்சு நகர்ந்துவிட்டது. இப்போது ஒரு கட்டம் வெறும் துணி, பக்கத்துக் கட்டம் கொழுக்கட்டை.

என் தப்பும் உண்டு. புது அடித்துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அவசரத்தில் அப்படியே கொடுத்தேன். முதல் சலவையில் அது சுருங்கியதும், அதன் சிவப்பு இறங்கி மஞ்சள் கட்டத்தில் ஏறியதும் என் கணக்கு. மடிப்பும் வளையமும் அவர் கணக்கு.

போன மாதம் வேறொரு தையல்கார அம்மாவிடம் எடுத்துப் போனேன். பிரித்துத் தைக்க 1,500 கேட்டார். அப்புறம் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய நூலு, ஊசி போன ஓட்டை வழியாவே கிழியும், விட்டுருங்க" என்று அவரே வேண்டாம் என்றார். பிரிந்த ஒரு சாணை மட்டும் கையால் தைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

நாத்தனாருக்கு மதியம் நிதானமாக ஒரு பதில் யோசித்து வைத்தேன். துண்டு வெட்டிச் சேர்க்கும் வேலையை இவரிடமே கொடுங்கள், இந்தக் கண் வேறு யாருக்கும் வராது. பஞ்சு வைத்துத் தைப்பதை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்து, கையகலத்துக்கு ஒரு தையல் ஓட்டச் சொல்லி, எதிரே நின்று வாங்குங்கள். சரி, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு மெட்டி மாட்டியது. எடுத்துவிட்டு, விளக்கை அணைக்கும் முன்பே போனில் அனுப்பினேன்: "அந்த ஆள்கிட்ட கொடுக்காதீங்க அண்ணி."